பட்டாளத்துக்குப் போனவர் எந்தக் கணக்கில் இருக்கிறார்?

2025 ஜூலையில், மராத்தியர் காலப் படைத்தலங்கள் என்ற தொகுப்பாக 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம்முடைய செஞ்சி. சிவாஜி, ராஜாராம், தேசிங்கு ராஜன் என்று செஞ்சியோடு சேர்த்துச் சொல்லும் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. அந்தக் கோட்டையின் ராஜகிரி மலை மதில்மேல் ராக்காவல் பார்த்தவனின் பெயர் ஒன்றுகூட நம் வாயில் வராது.

ஆனால் அவனுடைய வாரிசுகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். கோட்டைக்கு வடக்கே, சித்தகிரி முருகன் கோயிலையும் வாரச்சந்தையையும் வைத்து வெளியூராருக்கு அடையாளம் சொல்லப்படும் அவலூர்பேட்டையையோ அதைச் சுற்றிய ஊர்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். "எங்க தாத்தாவோட அப்பா பட்டாளத்துல இருந்தவரு" என்று தொடங்கும் பேச்சை இங்கெல்லாம் கேட்கலாம். பட்டாளத்தார் வீடு, சுபேதார் வீடு, மிலிட்டரிக்காரர் வீடு என்று வீட்டுப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டிருக்கும். எந்தப் பட்டாளம், எந்த வருஷம், எங்கே போனார் என்று கேட்டால் பதில் "வெள்ளைக்காரன் காலத்துல" என்பதோடு நின்றுவிடும்.

தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போரிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் உலகப்போரா, பர்மாச் சண்டையா என்று கேட்டு, அந்தப் போரைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அதில் தாத்தா இருக்கமாட்டார். போர் வரலாறு தளபதிகளுக்காக எழுதப்பட்டது. சாதாரணச் சிப்பாயின் பெயரை எழுதிவைக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கே இருந்தது: அவருக்குக் கடன்பட்டவருக்கு. சம்பளம், நிலம், பதக்கம், ஓய்வூதியம், விதவைக்கு உதவித்தொகை என்று ஏதாவது ஒன்றை யாராவது தரவேண்டியிருந்தால்தான் பெயர் காகிதத்தில் ஏறியிருக்கிறது. ஆகவே "எந்தப் போர்?" என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு "அவருக்கு யார் என்ன தரவேண்டியிருந்தது?" என்று கேட்பதே சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

காகிதம் வருவதற்கு முன்பே இந்த விதி இங்கே செல்லுபடியாகியிருக்கிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டெடுத்த நடுகற்களை இரா. நாகசாமி 1972இல் தொகுத்து வெளியிட்டார். பல கற்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்தவை, எழுத்து வட்டெழுத்து. செத்தவனுக்கு ஊர் பட்ட கடன் கல்லாக நிற்கிறது. அவற்றில் இடத்தனூர்க் கல் ஒன்று போதும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. வாணகோ அரசரின் மருமகன் பொற்றொக்கையார். அவரிடம் சேவகம் செய்தவன் கருந்தேவக்கத்தி. எருமை மந்தையைக் காக்கும்போது இறந்தான். கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்வரைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் இருந்தது. அரசன், ஆண்டு, தலைவன், வீரன் பெயர், சாவின் காரணம் என்று ஒரு படைப்பதிவேட்டில் இருக்கவேண்டிய அத்தனையும் ஒரே பலகைக் கல்லில் இருக்கின்றன, நாயின் பெயர் உட்பட. இந்த நாயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டு கழித்துச் செஞ்சிக்கு வந்தால் நிலைமை மோசம். 1649இல் பீஜப்பூர்ப் படை, 1677இல் சிவாஜி, 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகார் கானின் முற்றுகை, 1714இல் தேசிங்கின் சாவு. இத்தனை படைகள் வந்துபோன ஊரில் சாதாரண வீரர்களின் பெயர்ப்பட்டியல் என்று எதுவும் குடும்பத் தேடலுக்கு உதவும்படி இல்லை. தேசிங்கு கதைப்பாடலில் குதிரைகளுக்குக்கூடப் பெயர் உண்டு; பாராசாரி, நீலவேணி இரண்டையும் சிறுபிள்ளைகள்கூடச் சொல்வார்கள். குதிரைக்குப் பின்னால் ஓடியவர்களுக்குப் பெயர் கிடையாது. தேசிங்கின் தந்தை சொரூப்சிங் காலத்தில் புந்தேல்கண்டிலிருந்து வந்தவர்களின் வழியினர் என்று சொல்லிக்கொள்ளும் பொந்தில் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களிடம் இருப்பது வம்ச நினைவு. அதை மதிக்கலாம்; ஆனால் அதை ஆவணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சியைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதை 1761 ஏப்ரல் வரை வைத்திருந்து, ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் ஒப்படைத்தார்கள். இந்தக் காலத்துக்குப் புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. மாஹேயிலிருந்து வந்த சிப்பாய்களின் தலைவர்களான ஷேக் அசன், அப்துல் ரகுமான் போன்றவர்கள் அதில் பெயரோடு நடமாடுகிறார்கள். எதிர்த்தரப்பில், சென்னைக் கோட்டையின் படைத்துறை ஆலோசனைப் பதிவுகள் 1752 முதல் தொடங்குகின்றன. இன்று எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். முதல் சில ஆண்டுகளுக்கானவை அச்சிலும் வந்திருக்கின்றன. வாங்கிய வெடிமருந்து, தந்த படி, ஜமேதார்களின் சம்பளத் தகராறு என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. அவற்றிலும் ஜமேதாருக்குக் கீழே இறங்கினால் பெயர் மறைந்து தலைக்கணக்கு வந்துவிடுகிறது.

ஒரே படையில் இரண்டு விதி இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பெயர்ப்பட்டியல்களும் இறப்புக் கணக்குகளும் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அயர்லாந்திலிருந்து வந்து செத்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் பேரன் அவரை அங்கே கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் நின்று செத்த நம் ஊர்க்காரரின் பெயர்ப்பட்டியல் ரெஜிமெண்டோடேயே இருந்தது, லண்டனுக்குப் போகவில்லை. ரெஜிமெண்ட் கலைந்தபோது அவர் பெயரும் கலைந்தது.

இதற்கு ஒரு காட்சி. முதல் அபினிப் போர், 1841 மே மாதக் கடைசி, சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி. 37ஆம் சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனி, கொட்டும் மழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்து வயல்வெளியில் தனியாக மாட்டிக்கொண்டது. தீக்கல் துப்பாக்கிகள் நனைந்து வெடிக்க மறுத்தன. ஆயிரக்கணக்கில் திரண்ட ஊர்க்காரர்களுக்கு நடுவே சிப்பாய்கள் சதுர வியூகம் கட்டி, பயனட்டை மட்டும் நம்பி நின்றார்கள். நனைந்தாலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கியோடு கடற்படை வீரர்கள் வந்துதான் மீட்டார்கள். பெரும்பாலும் தமிழ், தெலுங்கு நாட்டுப் பிள்ளைகள். ஆங்கில நூல்களில் அந்தக் கம்பெனியின் லெப்டினன்ட் ஹேட்ஃபீல்டு பெயரோடு இருக்கிறார். சிப்பாய்கள் "ஏறத்தாழ 60 பேர்". சீனாவில் இந்தச் சம்பவம் இன்றும் பள்ளிப் பாடத்தில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அங்கே வியூகம் கட்டி நின்ற நம்மவர்களை இங்கே யாருக்கும் தெரியாது.

சிப்பாயின் பெயர் மேலே எழும்பிவந்த ஓர் இடம் உண்டு: தண்டனையும் சன்மானமும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தவர்கள் முதலாம் ரெஜிமெண்டின் இரண்டு பட்டாலியன்களையும், 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியனையும் சேர்ந்தவர்கள். அதன்பின் நடந்த விசாரணைகளில் யார் எங்கே நின்றான், யாரோடு பேசினான், எந்த ஊரான் என்று தோண்டித் தோண்டிக் கேட்டு எழுதினார்கள். அந்த ஆவணங்கள் எழும்பூரில் இருக்கின்றன. சதியை முன்கூட்டியே வெளியிட்டுப் பைத்தியம் என்று ஒதுக்கப்பட்ட முஸ்தபா பேக், பிறகு பணமும் ஓய்வூதியமும் பெற்று ஆவணத்தில் நிலைத்தார். விசுவாசமாக முப்பது வருஷம் கவாத்து பண்ணி வீடு திரும்பியவர்களைவிட, தூக்கில் தொங்கியவர்களும் காட்டிக்கொடுத்தவர்களும் நன்றாகவே பதிவாகியிருக்கிறார்கள்.

நிலம் இன்னொரு வழி. கம்பெனிக்கு முந்தைய ஆட்சிகள் காவலுக்கும் படைச் சேவகத்துக்கும் சம்பளமாக மானியம் கொடுத்திருந்தன. அவற்றையெல்லாம் சரிபார்த்து வரையறுக்க 1858இல் இனாம் கமிஷன் அமைந்தது. டெய்லர் அதன் முதல் கமிஷனர். அந்தக் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேடுகளை இன்றும் நீதிமன்றங்கள் நிலவழக்குகளில் எடைபோட்டு ஏற்கின்றன. குடும்பத் தேடலுக்கும் அவை நல்ல சுரங்கம். ஒவ்வொரு மானியத்துக்கும் நீளமும் அகலமுமான ஒரு பக்கம். எந்த ஊர், எவ்வளவு நிலம், யார் கொடுத்தது, யாருக்கு, எதற்காக, இப்போது யார் அனுபவிக்கிறார், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்று கட்டங்கள் போகின்றன. 1860களில் அனுபவித்தவரிலிருந்து முதலில் பெற்றவர்வரை மூன்று, நான்கு தலைமுறை ஒரே வரிசையில் கிடைத்தால் வியப்பில்லை. மானியம் உள்ள குடும்பம் என்றால் பட்டாளத்தை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். ஓர் எச்சரிக்கை: ஊர்ப்பெயரைவிட வட்டமும் ஜில்லாவும் குழப்பும். இந்தப் பகுதி தென்னார்க்காடும் வடஆர்க்காடும் உரசும் எல்லை. திருவண்ணாமலை வட்டம் முதலில் தென்னார்க்காட்டில் இருந்து பிறகு வடஆர்க்காட்டுக்கு மாறியது. விழுப்புரம் மாவட்டமோ 1993இல் பிறந்தது. "விழுப்புரம்" என்று தேடினால் பழைய பதிவு எதுவும் அகப்படாது. இரண்டு ஆர்க்காட்டிலும் தேடவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளின் "வெள்ளைக்காரன் காலம்" இதுதான். 1895இல் சென்னைப் படை தனிப்படையாக இல்லாமல் இந்தியப் படையில் கரைந்தது. "போர்க்குணமுள்ள இனங்கள்" என்றொரு கோட்பாட்டை ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் பிடித்துக்கொண்டு, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று ரெஜிமெண்டுகளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முதல் உலகப்போர் வந்ததும் அந்த லாயக்கில்லாதவர்களைத் தேடிக் கிராமத்துக்கு வந்தார்கள். போர் முடிவதற்குள் சென்னை மாகாணத்திலிருந்து சேர்ந்தவர்கள் சுமார் 92,000. அவர்களில் 41,000 பேருக்கு மேல் துப்பாக்கி ஏந்தாதவர்கள்: சுமை தூக்கியவர்கள், சமையல்காரர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். வீட்டில் "பட்டாளத்துக்காரர்" என்று நினைவுகூரப்படும் ஒருவர் இந்த இரண்டாம் வகையில் இருக்க வாய்ப்பு அவ்வளவு இருக்கிறது.

போனவர்கள் எங்கே போனார்கள்? "பசரா" என்று கிழவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால் அது மெசபடோமியாவின் பஸ்ரா, இன்றைய இராக். கிழக்கு ஆப்பிரிக்கா என்றால் 1914 நவம்பரில் தாங்கா கடற்கரையில் இறங்கிய 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி அல்லது 61ஆம் பயனியர்களாக இருக்கலாம். பாளையங்கோட்டைப் படை அங்கே குலைந்து ஓடியது என்பது அதிகாரபூர்வ வரலாற்றிலேயே இருக்கிறது. சரியான பயிற்சியோ தகவலோ இல்லாமல், நீண்ட கடற்பயணத்தில் வாடிப்போனவர்களை நேராக ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே இறக்கிவிட்டவர்களைப் பற்றி அதே வரலாறு கொஞ்சம் நாசூக்காகவே பேசுகிறது. இந்தப் படைகளின் போர் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவை பயன்படும். பெயருக்குப் பயன்படாது. அதிகாரி காயம்பட்டால் பெயர். சிப்பாய் செத்தால் எண்ணிக்கை.

ஆக, பெயருக்குக் கையிலிருக்கும் பொருளைத்தான் நம்பவேண்டும். அதிலும் முதலிடம் பதக்கத்துக்கு. மரப்பெட்டியிலோ சாமி மாடத்திலோ ஒரு பதக்கம் இருந்தால் அதன் முகத்தை அல்ல, விளிம்பைப் பாருங்கள். நாணயத்தின் விளிம்பு போல் தடித்த அந்த ஓரத்தில் மிகச் சிறிய ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதலில் எண், பிறகு பதவி, பிறகு பெயர், கடைசியில் படைப்பிரிவின் சுருக்கம். எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருந்தால் மெல்லிய துணியால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும். சாம்பலும் புளியும் போட்டு விளக்கவேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தில் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லா ஒருவன், 1914, 1918 என்ற ஆண்டுகள். படைவீரருக்கு இது வெள்ளியில் தரப்பட்டது. தொழிலாளர் படையினருக்கும் சுமைகாரருக்கும் இதே பதக்கம் வெண்கலத்தில். ஒரே அச்சு, வேறு உலோகம். அவரவர் தகுதியை அரசு எப்படி நிறுத்தது என்பது அதிலேயே தெரிகிறது. இதோடு சேர்த்துத் தரப்பட்ட வெற்றிப் பதக்கம் எல்லாருக்குமே பொன்னிற வெண்கலம். அதில் இறக்கை விரித்த பெண் நிற்பாள். அதை வைத்து அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. குதிரைக்காரன் வெண்கலமாக இருந்தால் மட்டுமே அவர் தொழிலாளர் படையைச் சேர்ந்தவர். பஞ்ச காலத்தில் வீட்டிலிருக்கும் வெள்ளிக்கு என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. உருக்கினால் காசாகாத வெண்கலம் தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் உலகப்போருக்கு வந்தால், பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தந்த விண்மீன் பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்தியருக்குத் தந்தவற்றில் பொறித்தே தந்தார்கள். நமக்கு அது லாபம்.

அந்த எண் ஏன் முக்கியம்? முனுசாமி, கோவிந்தன், ராமசாமி, அப்துல் காதர் என்று ஒற்றைப்பெயரில் ஒரு பட்டாலியனில் எத்தனையோ பேர். சேர்க்கை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமிக்கே நாலைந்து விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல். அவலூர்பேட்டையும் "பேட்" என்றும் "பேட்டா" என்றும் குறுகி நீண்டிருக்கக்கூடும். சாதியின் பெயரால் கதவு மூடும் என்று அஞ்சி வேறு பெயரிலோ வேறு மதத்திலோ சேர்ந்தவர்களும் உண்டு. சென்னைச் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் ஆதிதிராவிடர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் கணிசமாக இருந்தார்கள்; காலாட்படையிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆதிதிராவிடருக்குக் கதவு வரவரக் குறுகியது. ஆகவே பெயர் பொருந்தவில்லை என்பதற்காகக் கைவிடவும் கூடாது, பெயர் பொருந்திவிட்டது என்பதற்காகக் கொண்டாடவும் கூடாது. எண்ணும் தகப்பன் பெயரும் ஊரும் ஒத்துப்போனால்தான் அவர் நம்மவர்.

போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் தேடலாம். 1917இல் தொடங்கிய இந்த அமைப்பின் கொள்கை, செத்தவர்களுக்குள் பதவியோ இனமோ பார்க்கக்கூடாது என்பது. நடந்தது வேறு. 1929இல் பஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னம் 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் கல்லில் பெயர். இந்தியச் சாதாரண வீரர்களுக்கு ரெஜிமெண்டின் பெயரைப் போட்டு, கீழே இத்தனை பேர் என்று ஓர் எண். மகேந்திரவர்மன் காலத்து எருமைக்காரனின் நாய்க்கு இடத்தனூரில் கிடைத்த மரியாதை இவர்களுக்கு அங்கே கிடைக்கவில்லை. 2021 ஏப்ரலில் ஆணையமே ஒரு குழுவின் அறிக்கையை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயராலோ எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

கல்லில் இல்லாத பஸ்ராப் பெயர்கள் பல ஆணையத்தின் ஏட்டில் இருந்தன. இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. படைப்பிரிவின் பெயரையும் "ஆர்க்காடு" என்ற சொல்லையும் வைத்துச் சலித்தால், சில பதிவுகளில் இன்னார் மகன், இன்னார் கணவர், இன்ன ஊர் என்ற கூடுதல் வரி வரும். இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலும் சிங்கப்பூரிலும் இறந்தவர்களுக்கு இந்த வரி அதிகம் கிடைக்கிறது. ரங்கூன் அருகே தவுக்யான் கல்லறையிலுள்ள நினைவுச்சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள்; சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேல். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க்கல்லறையிலும், முதல் உலகப்போரில் இந்தியாவின் பல இடங்களில் இறந்து புதைக்கப்பட்டவர்களுக்கான நினைவுச்சுவர் ஒன்று இருக்கிறது.

உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவதுதான் கடினம். பஞ்சாபியருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. போர் முடிந்ததும் பஞ்சாப் அரசு ஊர்வாரியாக, இன்னார் மகன் இன்னார் எந்தப் படையில் என்ன பதவியில் இருந்தார் என்று பதிவேடுகள் தயாரித்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் நூற்றாண்டுக்காலம் கிடந்த அவற்றில் சுமார் 3,20,000 பேர். 2021 நவம்பரில் கிரீனிச் பல்கலைக்கழகமும் பிரிட்டனிலுள்ள பஞ்சாபியர் பாரம்பரிய அமைப்பும் சேர்ந்து அவற்றை மின்னாக்கி வெளியிடத் தொடங்கின. லண்டனில் டாக்சி ஓட்டும் ஜலந்தர்க்காரர் தன் கொள்ளுத்தாத்தாவைக் கைப்பேசியில் பார்த்துவிடலாம். சென்னை மாகாணத்து 92,000 பேருக்கு அப்படி ஒன்று பொதுமக்கள் கைக்கு வரவில்லை. இருந்த ரெஜிமெண்டுகளும் நிலைக்கவில்லை. போருக்குப் பின் சென்னைக் காலாட்படைகளை ஒன்றொன்றாகக் கலைத்து 1928இல் கதையை முடித்தார்கள்; 1933இல் சென்னைப் பயனியர்களும் போனார்கள். நீடித்தது சேப்பர்ஸ் மட்டுமே.

அதனால் தாத்தா சேப்பராக இருந்தால் அதிர்ஷ்டம். 1780இல் தொடங்கிய அந்தப் படையின் தொடர்ச்சிதான் பெங்களூரிலுள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். அந்தப் படைக்காரர்களை இன்றும் "தம்பி" என்றுதான் ராணுவத்தில் கூப்பிடுகிறார்கள். 1944இல் இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, கண்ணிவெடியின்மேல் பாய்ந்து தோழர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் படைக்காரர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தவர். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. விருதின் காரணமாக அந்த ஒரு நிமிஷத்தில் அவர் செய்தது வரிவரியாகப் பதிவாகியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் மறுபடி எழுப்பிய மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஆவண அலுவலகம் நீலகிரியிலுள்ள வெல்லிங்டனில். பீரங்கிப்படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ. என்ற மின், இயந்திரப் பொறியாளர் படைக்குச் செகந்தராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு வாரிசு என்ற சான்றை வைத்து எழுதலாம். எண், பெயர், தகப்பன் பெயர், சேர்ந்தபோதிருந்த ஊர், ஜில்லா இவ்வளவும் இருந்தால் எழுதுவதில் பயன் உண்டு. "1942இல் சேர்ந்த என் தாத்தா கண்ணன்" என்று எழுதினால் வரும் பதிலை நானே சொல்லிவிடுவேன். இன்னொன்றையும் தெரிந்துகொண்டு எழுதவேண்டும்: ஓய்வூதியம் பெறாதவரின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது படைவிதி. போருக்காகச் சேர்ந்து 1946இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானோர் அந்த வகை. கடன் தீர்ந்தது, கணக்கும் கிழிந்தது. அவர்களுக்கு வீட்டிலிருக்கும் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் ஒரே மூலம். அதுவும் இல்லையென்றால், திரும்பிவந்த படைவீரர் என்ற வகையில் தரிசு நிலம் ஒப்படையாகக் கிடைத்ததா என்று தாலுகா அலுவலகத்துப் பழைய பதிவேடுகளில் பார்க்கலாம்.

புதுச்சேரிப் பக்கம் உறவுள்ள குடும்பங்களுக்குப் பாதை வேறு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவரை அங்கே "சொல்தா" என்பார்கள். பிரான்சிலுள்ள எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம், புதுச்சேரியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை மின்னாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. முதல் உலகப்போரில் பிரான்சுக்காக இறந்தவர்களின் அட்டைகள் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தளத்தில் தனித்தனியாக உள்ளன. பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் பழகிவிட்டால் தேடுவது ஆங்கிலேயர் பக்கத்தைவிட எளிது.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் இன்னொரு கிளை. ஆர்க்காட்டு ஜில்லாக்களிலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போய் அங்கே நேதாஜி படையில் சேர்ந்தவர்களுக்குக் கடன்பட்ட அரசு எதுவும் போருக்குப் பின் மிஞ்சவில்லை. பட்டியல் வைத்திருந்தது அவர்களை விசாரித்த பிரிட்டிஷ் உளவுத்துறை. அது தொடர்பான 990 கோப்புகள் 1997இல் டில்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. அதைவிட நெருக்கமான மூலம், பிற்காலத்துத் தியாகி ஓய்வூதிய விண்ணப்பம். எங்கே சேர்ந்தேன், எந்த முகாமில் சிறையிருந்தேன் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்ட, உடனிருந்தவர்களின் சான்று இணைத்த மனு. இந்த வகை ஆவணங்களில் மட்டும்தான் சிப்பாய் தன் வாயால் பேசுகிறார். ஓய்வூதியம் வாங்கவேண்டும் என்பதால் கொஞ்சம் கூட்டியும் பேசியிருப்பார். அதைக் கழித்துக்கொண்டு படிக்கவேண்டும்.

தேடிக் கிடைப்பதை ஏற்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. வீட்டுக் கதையில் சுபேதாராக இருந்தவர் ஆவணத்தில் சமையல்காரராகவோ தண்ணீர் சுமந்தவராகவோ வரலாம். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருப்பார். சொல்லாமல் ஓடிவந்தவர் என்றும் எழுதியிருக்கலாம். விவசாயக் கூலி வேலை இல்லாத வருஷத்தில் மாதச் சம்பளத்துக்காகப் போனவரைப் பேரன்கள் வீரராக்கியது அவர் குற்றமல்ல.

1947க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வழி சுலபம், ஒரு நிபந்தனையோடு. 1962, 1965, 1971 போர்க்காலத்து ஆட்களின் மனைவிமார் பலர் இன்னும் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார்கள். அவர்கள் பெயரிலுள்ள ஓய்வூதிய ஆணையில் கணவரின் படை எண், பதவி, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கும். பிரயாக்ராஜ் அலுவலகத்திலிருந்து வந்த அந்தத் தாள் பெரும்பாலும் வங்கிப் புத்தகத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்திருக்கும். கணக்கெல்லாம் இப்போது ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு மாறிவிட்டதால், ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுக்கப் பாட்டியை இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போகும் பேரனிடம் அந்த எண் எப்படியும் வந்துவிடுகிறது. நிபந்தனை இதுதான்: பாட்டி இருக்கும்போதே செய்யவேண்டும், அவரோடு ஓய்வூதியம் நின்றுவிடும். எண்ணையும் படைப்பிரிவையும் அன்றைக்கே தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, வெல்லிங்டனுக்கோ பெங்களூருக்கோ அனுப்பவேண்டிய கடிதத்தைப் பாட்டியின் கையெழுத்தோடு போட்டுவிடலாம்.